மெத்தை லாரியில் ஓடிய புள்ளி

நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளைச் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவன், எந்தக் காரியத்தை எடுத்தாலும் தானே நடுவழியில் நின்றுவிடுகிறவனாகவும் இருந்தால் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. லிஃப்ட்காரனுக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் அண்ணன்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனிதர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்கிற தப்பையே பார்த்துப் பார்த்து, அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாமல் போய்விட்டது. "வாங்க முக்கால் மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

பெயர் பொருந்தவில்லை என்றும் சொல்ல முடியாது. குளியலறையில் மூன்று சுவருக்கு டைல்ஸ் ஒட்டினான். நாலாவது சுவர் ஆறு வருஷமாக வெறும் சிமெண்டோடு நிற்கிறது. கிடார் வாங்கினான், ஒரே பாட்டின் முதல் இரண்டு வரி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது, மூன்றாவது வரி யாருக்கும் தெரியாது. நீச்சல் கற்றுக்கொண்டான், மிதப்பான், கரைக்கு வரத் தெரியாது. இதைப் பற்றியெல்லாம் அவன் மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவனை அரித்தது. மச்சான் கிண்டல் பண்ணினால் பதிலுக்கு அவர் வழுக்கையைப் பற்றி நாலு வார்த்தை விடலாம். வாயே திறக்காதவளிடம் என்னவென்று மல்லுக்கு நிற்பது?

அவளுக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. கல்யாணமான வருஷமே சேர்ந்தாள், பத்தொன்பது வருஷம் ஆகிறது. குனிவாள், மூடியைத் திறப்பாள், கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைப்பாள், கண்ணில் பட்ட எண்ணை எழுதிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். "கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா" என்று பல்லை இளித்த யாருக்கும் ஒரு எண்ணைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அப்படிப்பட்டவள் முன்னால் ஒரே ஒரு காரியத்தையாவது முழுசாக முடித்துக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் நாற்பத்தாறு வயதில் லிஃப்ட்காரனுக்கு வந்த ஆசை.

ஆசை வந்தவன் அந்த நாலாவது சுவருக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு கதை முடிந்திருக்கும். செய்தால்தானே!

அவனுக்குப் பிடித்தது மோட்டார் சைக்கிள் சங்கத்தின் சவால். இருபத்துநாலு மணி நேரத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பரிசு கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது, முடித்தால் ஒரு காகிதம் தருவார்கள். அதற்கு விதிகள் மட்டும் வண்டி வண்டியாக இருந்தன. வழியில் பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு பங்கிலும் நேரம் அச்சடித்த பில் வாங்க வேண்டும். புறப்படும்போதும் வந்து சேரும்போதும் இரண்டு சாட்சிகள் வண்டி மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சங்கம் கொடுக்கிற டிராக்கரை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும்; தீப்பெட்டி அளவுதான், ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்பதை உலகத்துக்கே காட்டிக் கொடுத்துவிடும். பாதியில் நிறுத்துகிறவர்கள் சங்கத்துக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டால் போதும். அதில் அவமானம் ஒன்றுமில்லை என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தார்கள். லிஃப்ட்காரன் அந்த வரியை மட்டும் படிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் வாசலில் புறப்பாடு. சாட்சிகள், மச்சானும் மனைவியும். அவள் குனிந்து மீட்டரைப் பார்த்து இருபத்துமூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு என்று எழுதினாள். "பாத்துப் போங்க" என்றாள். அவ்வளவுதான். மகள் ஏழாவது படிக்கிறவள், அவள்தான் டிரைவிங் ஸ்கூல் ஹாலில் இருக்கிற பெரிய திரையில் வரைபடத்தைப் போட்டு டிராக்கரின் சிவப்புப் புள்ளியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள்.

"முக்கால் மாப்பிள்ளை, ஆயிரத்து இருநூறுல நின்னுடாதீங்க. அதுதான் கணக்கா முக்கால்" என்று மச்சான் ஒலிபெருக்கியில் வழியனுப்பினார். வாகனம் ஓட்டிப் பழக வந்திருந்த பத்துப் பேர் கைதட்டினார்கள்.

முதல் அறுநூறு கிலோமீட்டர் ராஜா மாதிரி போனான். எண்ணூறில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே புறப்பட்டான். தொள்ளாயிரத்தில் பின்பக்கம் மரத்துப்போனது. உட்கார்ந்திருக்கிறோமா நிற்கிறோமா என்பதே தெரியவில்லை. ஆயிரத்தில் மரத்தது விட்டது. ஐயோ, ஏன் விட்டது என்று ஆகிவிட்டது. இடது பக்கத்துக்கு ஐந்து நிமிஷம், வலது பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தான். ஒரு பங்கில் பில் கொடுத்த பெண்ணுக்கு நன்றி சொல்வதற்குப் பதிலாக, பெட்ரோல் போடுகிற மெஷினுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சார், கொஞ்சம் படுத்துட்டுப் போங்களேன்" என்றாள். படுப்பதா? நேரம் இருக்கிறது, கையில் ஒரு மணி நேரம் மிச்சம் வேறு இருக்கிறது, இந்த முறை விடுவானா!

ஞாயிறு காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம், நேர் ரோடு, காலியான ரோடு. லிஃப்ட்காரன் மனைவியிடம் அந்தக் காகிதத்தை எப்படி நீட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்து எடுத்து அலட்சியமாக நீட்டலாமா, மேஜை மேல் அவளாகப் பார்க்கிற மாதிரி வைக்கலாமா. அலட்சியமாகவே நீட்டலாம் என்று முடிவு செய்தான். அடுத்து அவன் காதில் விழுந்தது ஒரு பஸ்ஸின் ஹாரன். கண்ணைத் திறந்தால் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறான், எதிரே பஸ்ஸின் முகப்பு அவ்வளவு பெரிதாக நிற்கிறது. எப்படி ஒடித்தான், எப்படித் தப்பினான் என்று அவனுக்கே தெரியாது. பஸ் உரசாத குறையாகப் போயே போய்விட்டது. ஜன்னலோரம் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவரின் முகம் மட்டும் அவனுக்குத் துல்லியமாக நினைவிருந்தது.

மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்க். உள்ளே நுழைத்து ஓரமாக நிறுத்தினான். கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. "போதும்டா சாமி" என்று வாய்விட்டே சொன்னான். அந்த விஷயத்தில் அவனுக்குக் குழப்பமே இல்லை. இனி ஒரு அடி ஓட்டினாலும் செத்தோம் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மீட்டர் இருபத்துநாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று காட்டியது. ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ஓட்டியிருக்கிறான். மச்சான் சொன்ன முக்கால்கூட ஆகவில்லை.

நிறுத்துவது சுலபமாக இருந்தது. சொல்வதுதான் சுலபமாக இல்லை. ஃபோனை எடுத்து 'நிறுத்திட்டேன்' என்று அடித்தான், அழித்தான். 'டயர் பஞ்சர்' என்று அடித்தான், டயரைப் பார்த்தான், அழித்தான். 'வயிறு சரியில்லை' என்று அடித்தான். அதையும் மச்சான் ஒலிபெருக்கியில் படிப்பார் என்று தோன்றியது, அழித்தான். அப்போது ஃபோன் அடித்தது. மனைவி. எடுத்தால் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாதவள், இதற்கும் ஒன்றும் சொல்லாமல் "சரிங்க" என்பாள். அந்தச் "சரிங்க"வைக் கேட்க அவனுக்குத் தெம்பில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான், அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடியும் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஃபோனின் சத்தத்தை அணைத்து உள்பையில் தள்ளிவிட்டான். வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம். சங்கத்துக்கும் அப்புறமே சொல்லிக்கொள்ளலாம். இப்படியே அரை மணி நேரம் போய்விட்டது.

"என்ன தம்பி, வண்டிக்கு உடம்பு சரியில்லையா, உங்களுக்கா?"

லாரியில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கேட்டாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், லாரி அவளுடையதுதான், ஓட்டுவதும் அவள்தான். பின்னால் ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள்.

"எனக்குத்தான்க்கா. இனிமே ஏறி உக்கார முடியாது."

"எங்க போகணும்?"

சொன்னான்.

"அட, நானும் அங்கதான் இறக்கறேன். நடுவுல எடம் இருக்கு. வண்டிய நிக்க வெச்சுக் கட்டிடலாம், நீங்க மேல ஏறிப் படுத்துக்குங்க. இந்த ஜென்மத்துல இப்படி ஒரு சவாரி உங்களுக்குக் கெடைக்காது."

பங்க்காரர்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளை ஏற்றி, இரண்டு பக்கமும் மெத்தையை முட்டுக்கொடுத்துக் கட்டினார்கள். லிஃப்ட்காரன் புத்தம்புது மெத்தை மேல் குப்புற விழுந்தான். மல்லாந்து படுக்கிற நிலைமையில் அவன் இல்லை. லாரி பங்க்கைத் தாண்டுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். எல்லாம் சரி. கைப்பிடிக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒன்று பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்ததே, அதை யார் நிறுத்துவது? அந்த நினைப்பே அவனுக்கு வரவில்லை.

மெத்தை கனமில்லை, அந்த அம்மாளின் கால்தான் கனம். லாரி பறந்தது. லாரியோடு புள்ளியும் பறந்தது.

உலுக்கி எழுப்பியவளும் அவள்தான். "தம்பி, ஊர் வந்தாச்சு. உங்க சட்டைக்குள்ள ஏதோ ஒரு மணி நேரமா வெளிச்சம் அடிச்சு அடிச்சு அணையுது."

மணி மூன்றரை. ஃபோனில் நாற்பத்தோரு செய்திகள். மகள் மட்டும் முப்பது. 'அப்பா இன்னும் 400.' 'அப்பா இன்னும் 250, சூப்பர்.' 'அப்பா நிக்காதீங்க, நேரம் சரியா இருக்கு.' லிஃப்ட்காரனுக்குத் தூக்கம் ஒரே அடியாகத் தெளிந்தது. திரும்பி வண்டியைப் பார்த்தான். பச்சை விளக்கு மினுக்கியது. தலையில் கை வைத்துக்கொண்டான். அதே நேரம் பார்த்து ஃபோன் கையில் வெளிச்சமடித்தது. யோசிக்காமல் எடுத்துத் தொலைத்துவிட்டான்.

"மாப்பிள்ளை! எங்க மானத்தைக் காப்பாத்திட்டீங்க!" மச்சானின் குரல் தழுதழுத்தது. அவருக்குத் தழுதழுக்கவும் வரும் என்பதே புதுச் செய்தி. "இங்க எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா? புள்ளி ஊருக்குள்ள வந்தாச்சு. இன்னும் மூணு கிலோமீட்டர்தான். விடாதீங்க!"

"மச்சான், ஒரு விஷயம்..."

அதற்குள் மகள் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா! அம்மா கண்ணுல தண்ணிப்பா! காலையிலருந்து திரையை விட்டு நகரவே இல்ல. சந்தோஷத்துல அழறாங்க. சீக்கிரம் வாங்க!" வைத்துவிட்டாள்.

கண்ணில் தண்ணீர். பத்தொன்பது வருஷமாகத் தன்னால் ஒரு சொல்கூட வரவழைக்க முடியாதவளின் கண்ணில் தண்ணீர். லிஃப்ட்காரன் எச்சிலை விழுங்கினான். சொல்ல வேண்டிய வார்த்தையும் அதோடு உள்ளே போய்விட்டது. லாரிக்கார அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழியில் டீசல் போட்ட பில்லை நீட்டினாள்.

"இந்தாங்க, பில்லு வேணும்னீங்களே. நேரமெல்லாம் கணக்கா இருக்கு."

"அக்கா, தொண்ணூறு லிட்டர்னு போட்டிருக்கு. என் டேங்க் பதினாலு லிட்டர்."

"வண்டி கொஞ்சம் குடிக்கும்னு சொல்லுங்க."

அவன் பில்லை வாங்கவில்லை. ஆனால் வண்டியை இறக்கச் சொன்னான். அதுதான் அவன் செய்த கேவலம். டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ஒரு பலசரக்குக் கிடங்கின் பின்னால் லாரியை நிறுத்தி, மோட்டார் சைக்கிளைப் பலகை வழியாக இறக்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் பதிந்திருந்த மெத்தைத் தையல் தெரியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு புறப்பட்டான். அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள். "தம்பி, பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டது. மச்சான் பாடம் நடத்துகிற ஆரஞ்சுக் கூம்புகளை இரண்டு வரிசையாக வைத்துப் பாதை போட்டிருந்தார். பழகுநர் கார்கள் இரண்டும் விளக்கைப் போட்டு நின்றன. அவனோடு வேலை செய்கிறவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், கிடாரின் இரண்டு வரியைப் பதினெட்டு மாதம் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டுத் தம்பதி என்று எல்லோரும் கூடியிருந்தார்கள். மணி மூன்று நாற்பத்தெட்டு. லிஃப்ட்காரன் கூம்புகளுக்கு நடுவே புகுந்து வண்டியை நிறுத்தினான். கைதட்டலில் காது அடைத்தது.

"இன்னையிலருந்து இவர் முழு மாப்பிள்ளை!" என்று ஒலிபெருக்கி அலறியது. மச்சான் கட்டிப்பிடித்தார், படிவத்தை வாங்கினார், சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் சர்ரென்று கையெழுத்தைக் கிறுக்கினார். கண்ணாடி பார்க்காமல் திரும்பியதற்காக எத்தனையோ பேரைத் தேர்வுக்கே அனுப்ப மாட்டேன் என்று நிறுத்தி வைத்த மனிதர், மீட்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படிவத்தைத் தங்கையிடம் கொடுத்தார்.

அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை, நேரே மீட்டருக்குக் குனிந்தாள். கட்டைவிரலால் தூசியைத் துடைத்தாள். பேனா எழுதப் போனது, நின்றது. அவள் மறுபடி பார்த்தாள். இருபத்துநாலாயிரத்து ஐந்நூற்றுப் பதிமூன்று. புறப்பட்டபோது எழுதிய எண் அவளுக்கு மறந்திருக்காது. தெருவில் எந்த வீட்டின் போன மாதத்து எண்ணைக் கேட்டாலும் சொல்கிறவள். கழித்துப் பார்க்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம் போதும். லிஃப்ட்காரனுக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. அவள் நிமிரவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்ன எழுதட்டும்ங்க?"

பத்தொன்பது வருஷத்தில் எந்த வீட்டு வாசலிலும் அவள் கேட்காத கேள்வி. அவன் எந்த எண்ணைச் சொன்னாலும் எழுதுவாள், கையெழுத்தும் போடுவாள், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். அது அவனுக்குத் தெரிந்தது. தன்னுடைய பொய்க்கு இவள் கையைக் கடன் வாங்குவதா! சீ என்று ஆகிவிட்டது.

ஹெல்மெட்டைக் கழற்றினான். "இருபத்துநாலாயிரத்து ஐந்நூத்திப் பதிமூணு" என்று உரக்கச் சொன்னான். "மீட்டர்ல இருக்கறத எழுது. நான் காலையிலயே நிறுத்திட்டேன். மிச்சம் ஐந்நூறு கிலோமீட்டரும் மெத்தை லாரி."

"என்னது?" என்றது ஒலிபெருக்கி.

"அப்ப புள்ளி வந்துச்சேப்பா?" என்றாள் மகள்.

"புள்ளி வந்துச்சும்மா. நான் தூங்கிட்டு வந்தேன்."

அப்புறம் யாரோ அவன் கன்னத்தில் இருந்த தையலைப் பார்த்துவிட்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கீழ்வீட்டுக்காரர் கூம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சானின் முகம் போன போக்கைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவர் ஒலிபெருக்கியைத் தூக்கி, "நான் அப்பவே சொன்னேன், முக்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, வாயை மூடு" என்றாள் தங்கை. அவர் மூடினார்.

அவள் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினாள். "எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?"

"ஏழு, ஏழேகால் இருக்கும்."

"நான் கூப்பிட்டப்ப ஃபோன் எங்க இருந்துச்சு?"

பொய் சொல்லலாம். அன்றைக்கு அவனிடம் பொய் தீர்ந்துவிட்டிருந்தது. "கையிலதான் இருந்துச்சு."

"கையிலதான் இருந்துச்சு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு பத்தொன்பது வருஷத்து மௌனமும் சேர்ந்து வெடித்தது.

"புள்ளி நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அசையவே இல்ல. இவரு டீ குடிக்கறாருன்னு எங்கண்ணன் சொல்றாரு. நான் அடிக்கறேன், நீ எடுக்கல. திரும்ப அடிக்கறேன், நீ எடுக்கல. அந்த அரை மணி நேரம் உன்னை எத்தனை விதமாப் பொணமாப் பாத்தேன்னு தெரியுமா உனக்கு? பள்ளத்துல பாத்தேன், லாரிக்கு அடியில பாத்தேன். பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு வெச்சிட்டேன். திரும்ப நகந்தப்பகூட நம்பல. வேற யாராவது வண்டிய எடுத்துட்டுப் போறாங்களோன்னு இங்கேயே உக்காந்து அழுதுட்டிருக்கேன். நீ முடிப்பியா மாட்டியான்னா நான் பாத்துட்டிருந்தேன்? உசுரோட இருக்கியான்னு பாத்துட்டிருந்தேன்டா!"

அவனை அவள் 'நீ' என்று சொன்னதே அன்றுதான். 'டா' எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரிந்திருக்காது. கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பித்தது. மச்சான் யாரும் சொல்லாமலேயே கூம்புகளைப் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"தூங்கிட்டேன்" என்றான் லிஃப்ட்காரன். குரல் உடைந்தது. "ஓட்டிக்கிட்டே தூங்கிட்டேன். கண்ணைத் தொறந்தா முன்னாடி பஸ்ஸு. செத்திருப்பேன். நெஜமாவே செத்திருப்பேன். அதுக்கப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் உக்காந்திருந்தேன்."

அவள் இரண்டு கையாலும் அவன் ஜாக்கெட் காலரைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடிக்கவில்லை. படிவம் நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"ஃபோனை எடுத்துச் சொல்லியிருக்கணும்" என்றான்.

"சொல்லியிருக்கணும்" என்றாள். பிடித்த காலரை விடவில்லை.